'டீம் பிளேயர்' என்று எழுதினால் போதுமா? கல்லூரி மாணவர் தன் திறனைக் கண்டுபிடித்துச் சொல்லும் வழி

2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, படித்து வெளியே வரும் இளைஞர்களில் 51.25 சதவீதம் பேரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்றது. பாதிப் பட்டதாரிகள் வேலைக்கு லாயக்கில்லை என்பதாக அது பரவிவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் இதே அளவு சுமார் 34 சதவீதமாக இருந்தது என்பதையும் அந்த அறிக்கை பக்கத்திலேயே சொல்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இத்தகைய எண்கள் பெரும்பாலும் ஆன்லைன் தேர்வு மதிப்பெண்களிலிருந்து வருபவை. கணக்கு, ஆங்கிலம், தர்க்கம், கணினிப் பழக்கம் ஆகியவற்றை அந்தத் தேர்வுகள் சோதிக்கின்றன. கேம்பஸ் தேர்விலும் முதல் வடிகட்டல் இதுதான். அதைத் தாண்டியவர்கள் அடுத்து நேர்காணல் அறையில் உட்காருகிறார்கள். அங்கே நடக்கும் சறுக்கல் வேறு வகை. மூன்று நான்கு ஆண்டுகளில் எத்தனையோ வேலைகளைச் செய்து பழகியவர்கள், 'உங்களால் என்ன முடியும்?' என்றதும் நான்கு பெயரடைகளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பாதியைப் பற்றியது.

## திறன் என்று எதைச் சொல்கிறோம்

வேலைத்தகுதித் திறன் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. பாட அறிவு. ஓம் விதி, ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு, கரிம வேதியியல் வினைகள் போன்றவை. மதிப்பெண் பட்டியல் சொல்வது இதை மட்டுமே.
2. கருவித் திறன். டேலி, எக்ஸெல், பைத்தான், ஆட்டோகேட், மைக்ரோமீட்டர், பியூரெட். இருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.
3. பொதுத் திறன். சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, கூட்டாக வேலை செய்வது, கெடுவுக்குள் முடிப்பது, தெரியாதவருக்குப் புரியவைப்பது, தவறு நேர்ந்தால் சரிசெய்வது. துறை மாறினாலும் கூடவே வரும். 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்ற பெயரில் இதை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாகச் சுருக்கிவிட்டது நம் கல்லூரிகளின் பெரிய பிழை.

முதல் இரண்டையும் சான்றிதழ் காட்டி நிறுவலாம். மூன்றாவதற்குச் சான்றிதழ் எடுபடாது. 'தலைமைப்பண்பு: 20 மணி நேரப் பயிற்சி முடித்தவர்' என்ற தாளைப் பார்த்து யாரும் ஒரு குழுவை ஒப்படைப்பதில்லை. இதற்கு ஆதாரமாவது நடந்த ஒரு நிகழ்வுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 'பொறுமைசாலி', 'கடின உழைப்பாளி' என்பவை குணங்கள். 'ஒத்துப்போகாத இரண்டு பதிவேடுகளை வரிவரியாகச் சரிபார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பேன்' என்பது திறன். குணத்தைச் சொன்னால் கேட்பவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். திறனைச் சொன்னால் எப்போது, எங்கே என்று கேட்கத் தொடங்குவார். நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தால்தான் மாணவருக்குப் பேச இடம் கிடைக்கிறது.

## நிகழ்வை ஏன் கேட்கிறார்கள்

'இக்கட்டான சூழலைச் சமாளித்த ஒரு சம்பவம் சொல்லுங்கள்' என்ற கேள்வி ஹெச்.ஆர். துறையின் மோஸ்தர் மாதிரி தோன்றும். அதன் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு ஆள் தேர்வு செய்ய உதவிய உளவியலாளர்களில் ஜான் ஃபிளனகன் ஒருவர். நல்ல விமானியிடம் என்னென்ன குணங்கள் வேண்டும் என்று கேட்டால் வருவது பொத்தாம்பொதுவான பட்டியல். ஒரு பறப்பு எப்படி வென்றது, எப்படித் தோற்றது, அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பயன்படும் தகவல் வருகிறது. 1954இல் அவர் இதை ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார். 1973இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், கல்லூரி மதிப்பெண்ணும் நுண்ணறிவுத் தேர்வும் வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை நன்றாகக் காட்டுவதில்லை என்றும், செயலையே அளக்க வேண்டும் என்றும் வாதிட்டார். இன்றைய நேர்காணல் கேள்விகள் இந்த வழியில் வந்தவை.

ஆகவே எதிரே இருப்பவர் கதை கேட்கும் ஆசையில் கேட்கவில்லை. நேற்று ஒரு சிக்கலில் நீங்கள் செய்ததை வைத்து நாளை தன் அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கணிக்கப் பார்க்கிறார்.

## இருப்பதைச் சொல்ல முடியாமல் போவது ஏன்

பல காரணங்கள். முதலாவது, நன்றாகப் பழகிய வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. பி.எஸ்சி. வேதியியல் மாணவி தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) இரண்டு அளவீடுகள் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது முறை செய்து பார்க்கிறார். அவருக்கு அது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்கு. ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கோ அதுதான் வேலையே: ஒரே அளவீட்டை நம்பி முடிவெழுதாத பழக்கம்.

இரண்டாவது, 'இதெல்லாம் கணக்கில் வருமா?' என்ற தயக்கம். மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்காருபவர் கடன் நோட்டைப் பார்க்கிறார், யாருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்று முடிவெடுக்கிறார், சரக்கு தீருமுன் ஆர்டர் போடுகிறார். ரெஸ்யூமேயில் 'அனுபவம்' என்ற தலைப்புக்கு நேரே 'இல்லை' என்று எழுதுகிறார். தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர், வார இறுதியில் கேட்டரிங் போகிறவர், ஊர்த் திருவிழாவில் வசூல் கணக்கு எழுதுபவர் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இந்தத் தயக்கம் கூடுதல். கல்லூரி வளாகத்துக்குள் நடந்தது மட்டுமே தகுதி என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, 'நாங்கள்' என்றே பேசும் வழக்கம். 'நாங்கதான் சிம்போசியம் நடத்தினோம்.' பணிவு நல்லதுதான். நாற்பது பேர் சேர்ந்து நடத்திய விழாவில் சொல்பவரின் பங்கு எது என்பது மட்டும் அதில் காணாமல் போகிறது.

நான்காவது காரணத்துக்குப் பொறுப்பு கல்லூரிதான். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு 'சி.ஓ.-பி.ஓ. மேப்பிங்' (பாட விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்துவது) என்றால் தெரியும். ஒவ்வொரு பாடமும் மாணவரிடம் எந்தத் திறனை வளர்க்கிறது என்று 1, 2, 3 என எடை போட்டு நிரப்பும் அட்டவணை அது. பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. அதற்கேற்ற தர அங்கீகார முறையில் தகவல் தொடர்பு, குழுப்பணி, திட்ட மேலாண்மை, வாழ்நாள் கற்றல் உட்பட 12 விளைவுகள் பல ஆண்டுகளாகப் பட்டியலில் இருந்துவந்தன. மாணவர் எதைக் கற்றார் என்பதற்கான வரைபடம் கல்லூரியிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று பொருள். அது தர அங்கீகாரக் குழு வரும்போது திறக்கும் கோப்பில் கிடக்கிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் அதைப் பார்த்ததே இல்லை.

## நிகழ்விலிருந்து திறனுக்கு: செய்முறை

திறன்களின் பட்டியலை முன்னால் வைத்து 'இதில் உனக்கு எது உண்டு?' என்று கேட்பதுதான் வழக்கமான பயிற்சி. எல்லோரும் எல்லாவற்றுக்கும் டிக் போடுவார்கள். திசையைத் திருப்ப வேண்டும். முதலில் நிகழ்வு, பெயர் கடைசியில்.

1. நிகழ்வுகளை வரிசைப்படுத்துங்கள். செமஸ்டர்வாரியாக ஒரு தாள். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பேசிப் படத்தொகுப்பு, பழைய வாட்ஸ்அப் குழுக்கள், ஜிபே பட்டியல், ரெக்கார்டு நோட்டு இவற்றைப் புரட்டினால் மறந்துபோனவை மேலே வரும். ஒரு மணி நேரத்தில் இருபது நிகழ்வுகளாவது தேறும். வீடு, கடை, ஊர் வேலைகளையும் சேருங்கள்.

2. பிசகிய நிகழ்வுகளைத் தேர்ந்தெடுங்கள். திட்டப்படி நடந்து முடிந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. மைக் வேலை செய்யவில்லை, கூட்டாளி பாதியில் விலகினான், நிரல் ஓடவில்லை, பணம் பற்றவில்லை. இப்படி ஐந்தாறு போதும்.

3. தமிழில் வாயால் சொல்லுங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், தெரிந்த ஆங்கில வாக்கியங்களுக்குள் அடங்குவது மட்டுமே தாளில் வரும். நடந்தது வராது. எதிரே ஒரு நண்பர் உட்கார்ந்து கேட்க, கைப்பேசியில் பதிவு செய்யலாம். அவர் கேட்க வேண்டியவை: அப்போது நீ என்ன செய்தாய்? ஏன் அப்படி? வேறு வழி இருந்ததா? எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை நாள்? அதற்கப்புறம் என்ன மாறியது?

4. வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பதிவைக் கேட்டு எழுதி, 'நான்' செய்த வினைகளை மட்டும் பிரித்தெடுங்கள். எண்ணினேன், மாற்றினேன், பேரம் பேசினேன், பட்டியலிட்டேன்.

5. இப்போது பெயர் வையுங்கள். எண்ணி, அளவை மாற்றியது திட்டமிடல். பேரம் பேசியது பேச்சுவார்த்தை. ஒரு நிகழ்வுக்கு இரண்டு திறன்களுக்கு மேல் ஒட்ட வேண்டாம்.

6. ஒரு வரியாகவும் ஒன்றரை நிமிடப் பேச்சாகவும் சுருக்குங்கள். வரி ரெஸ்யூமேக்கு, பேச்சு நேர்காணலுக்கு.

### ஒரு மாதிரி

நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். மாணவர் ரெஸ்யூமேயில் எழுதுவது: 'என்.எஸ்.எஸ். முகாமில் பங்கேற்றேன்.' கற்பனையான ஓர் உரையாடலில் அதைத் தோண்டிப் பார்க்கலாம்.

'முகாம்ல நீ என்னடா பண்ண?'
'சாப்பாட்டுப் பொறுப்பு.'
'சமைச்சியா?'
'இல்ல, சமையல்காரர் இருந்தாரு. சாமான் வாங்குறது, அளவு சொல்றது, கணக்கு.'
'எத்தன பேரு?'
'அம்பது. வேளைக்கு ஆறு கிலோ அரிசி. மொத நாள் ராத்திரி ஒரு குண்டான் சோறு மீந்துபோச்சு.'
'ஏன்?'
'சர்வேக்கு வீடு வீடா போனாங்கள்ல, எல்லா வீட்லயும் டீ, பலகாரம்னு குடுத்துட்டாங்க. வந்து யாரும் சாப்பிடல.'
'அப்புறம்?'
'மறுநாள்லேர்ந்து நாலு மணிக்கே ஒவ்வொரு பேட்ச் லீடர்கிட்டயும் எத்தன பேரு சாப்பிடுவாங்கன்னு கேட்டு, அதுக்கப்புறம்தான் அரிசி போட்டோம். ராத்திரிக்கு மட்டும் நாலரை கிலோ.'
'பில்லெல்லாம்?'
'சந்தையில காய்கறிக்காரங்க பில்லு தர மாட்டாங்க. நானே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சிட்டேன். கணக்கு முடிக்கும்போது எதுவும் திரும்பி வரல.'

இதில் மீந்ததைக் கவனித்துக் காரணம் கண்டது ஒன்று. தகவல் சேகரிக்க ஒரு முறை ஏற்படுத்தியது இன்னொன்று. பில் கிடைக்காத இடத்தில் தணிக்கைக்கு ஏற்ற ஆவணம் உண்டாக்கியது மூன்றாவது. 'போட்டோம்' என்ற சொல்லைப் பிடித்து, அந்த யோசனை யாருடையது என்றும் நண்பர் கேட்க வேண்டும். ரெஸ்யூமே வரி இப்படி அமையலாம்:

'50 பேர், 7 நாள் முகாமில் உணவுக் கொள்முதல், கணக்குப் பொறுப்பு. உணவு வீணாவதைக் கண்டு மாலை 4 மணித் தலைக்கணக்கு முறையை ஏற்படுத்தி, இரவு அரிசி அளவை 6 கிலோவிலிருந்து 4.5 கிலோவாகக் குறைத்தேன்.'

ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே நீளம், எளிய சொற்கள். சில்லறை வணிகம், கிடங்கு, உணவக நிர்வாகம், வங்கி என எந்த நேர்காணலிலும் இந்த வரி ஒரு கேள்வியை வரவழைக்கும். பதிலுக்கு ஸ்டார் எனப்படும் வரிசை உதவும்: சூழல், பணி, செயல், விளைவு. மாணவர்கள் பெரும்பாலும் சூழலிலேயே ஒரு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். ஒன்றரை நிமிடப் பதிலில் சூழலும் பணியும் சேர்ந்து 25 வினாடி, செயல் 45 வினாடி, விளைவு 20 வினாடி என்று கடிகாரம் வைத்துப் பழகலாம்.

## எங்கே பிசகும்

எண்ணை ஊதிப் பெருக்குவது முதல் ஆபத்து. '30 சதவீதம் குறைத்தேன்' என்றால் எதில் 30 என்று கேட்பார்கள். கிலோ, பேர், நாள், ரூபாய் போன்ற நேரடி எண்கள் தப்பாது. சதவீதம் வேண்டுமென்றால் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ரெஸ்யூமேயைக் கொடுத்து மெருகேற்றுவது. 'ஒருங்கிணைந்த பல்துறைக் குழுவை வழிநடத்தி' என்ற தொனியில் திரும்பி வரும். வரி பளபளப்பாக இருக்கும், பேச்சில் அந்தச் சொல்லே வராது. முதல் ஐந்து படிகளை மனிதர் செய்துவிட்டு, கடைசியில் இலக்கணம் திருத்த மட்டும் செயலியைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

மூன்றாவது, நான்கு பேர் செய்த புராஜெக்ட்டை நான்கு பேரும் ஒரே வரியில் எழுதுவது. ஒரே நாளில் ஒரே அறைக்குள் நால்வரும் அடுத்தடுத்துப் போவார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். யார் சென்சார் இணைப்பு, யார் நிரல், யார் சோதனை என்று பிரித்து எழுதினால் நால்வருக்குமே நல்லது.

நான்காவது, வெளியில் பணம் கொடுத்து வாங்கிய இறுதியாண்டு புராஜெக்ட். இது ஊரறிந்த ரகசியம். 'இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்விக்குத் தாங்காது. மூன்றாம் ஆண்டில் தானே செய்த, பாதி வேலை செய்த மினி புராஜெக்ட் இதைவிட மேல். அது ஏன் முழுதாக ஓடவில்லை என்று விளக்கத் தெரிந்தவருக்குப் பிழை கண்டறியும் திறன் இருக்கிறது என்று அர்த்தம்.

'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன்' என்ற பதிலை ஹெச்.ஆர்.கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். தன் பட்டியலில் நிகழ்வே கிடைக்காத ஒரு திறனைச் சொல்லி, அதற்காக இப்போது என்ன செய்கிறார் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

## கல்லூரி செய்யக்கூடியது

பிளேஸ்மென்ட் செல் ஏழாவது செமஸ்டரில் நடத்தும் இரண்டு நாள் பயிற்சிக்குள் இது அடங்காது. அதற்குள் பாதி நிகழ்வுகள் மறந்துபோயிருக்கும். மூன்றாவது செமஸ்டரில் தொடங்கினால் செலவே இல்லை.

ஒவ்வொரு செய்முறை வகுப்பின் ரெக்கார்டிலும் 'முடிவு' என்ற தலைப்புக்குக் கீழே 'எது தவறியது, என்ன மாற்றினேன்' என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். செமஸ்டர் முடிவில் ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, வழிகாட்டி ஆசிரியர் அந்த வரிகளை வைத்துக் கேள்வி கேட்கலாம். சி.ஓ.-பி.ஓ. அட்டவணையின் ஒரு பக்கத்தைத் தமிழில் எளிமையாக்கி அப்போது கையில் கொடுத்தால், எந்தப் பாடத்தில் எந்தத் திறனுக்கு நிகழ்வு தேட வேண்டும் என்று மாணவருக்கே தெரியும்.

பதினைந்து நிமிடப் பேச்சைக் கைவிட்டு படிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். பிரிட்டனில் 1997இல் ரான் டியரிங் தலைமையிலான உயர்கல்வி ஆய்வுக் குழு, மாணவர் தம் வளர்ச்சியைத் தாமே பதிவு செய்யும் கோப்பு ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆசிரியர் உட்கார்ந்து பேசாத இடங்களில் அது நிரப்பித் தள்ளும் காகிதமாகிவிடுகிறது என்ற விமர்சனம் அங்கேயே எழுந்தது. கட்டம் போட்ட படிவத்தின் மீது நமக்கு இருக்கும் பாசத்துக்கு இந்த எச்சரிக்கை தேவை.

2022 மார்ச் 1இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் கருவித் திறன் சார்ந்தது. பயிற்சிக்குள் செய்த ஒரு சிறு வேலையை, அதில் மாட்டிக்கொண்ட இடத்தோடு சேர்த்து எழுதி வைத்தால் அந்தச் சான்றிதழின் எடை கூடும்.

## இந்த முறையால் முடியாதவை

எழுத்துத் தேர்வில் கணக்குப் போட முடியாமல் வெளியேறுபவருக்கு இது உதவாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வேலையே குறைவாக உள்ள ஆண்டில் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் இடங்கள் கூடப்போவதில்லை. 'மாணவருக்குத் திறன் இல்லை' என்ற பேச்சு சில நேரம் வேலைவாய்ப்பின் பற்றாக்குறையை மாணவர் தலையில் கட்டப் பயன்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாய்ப்பும் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும் விடுதி மாணவி விழாக் குழுவில் சேர முடியாது. ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஊருக்குப் போக முடியாதவரும் அப்படித்தான். அவர்களின் தாளில் வளாக நிகழ்வுகள் குறைவாகவே இருக்கும். வீட்டு நிகழ்வுகளைக் கேட்டு வாங்குவது அவர்கள் விஷயத்தில் ஆசிரியரின் கடமை.

பட்டியல் போட்ட பிறகு சில திறன்களுக்கு எதிரே எதுவுமே இருக்காது. அந்த வெற்றிடத்தைச் சொல்லால் நிரப்பப் பார்க்க வேண்டாம். கூட்டத்தின் முன் பேசிய நிகழ்வே இல்லையென்றால் அடுத்த துறைக் கருத்தரங்கில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பணக் கணக்கைக் கையாண்டதில்லையென்றால் வகுப்புச் சுற்றுலாவின் வரவு செலவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது செமஸ்டரில் இந்தத் தாளைத் தொடங்கியவருக்கு இதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கும்.